சாப்பிட்டாச்சா என்று கேட்ட இயந்திரம்

ஒரு காட்டில், புங்க மரத்து நிழலில் நின்றுகொண்டு, அல்லி என்கிற முயல் தன் தங்கையிடம் சொன்னாள்: "அது அவ்வளவு மரியாதையாக் கேட்குதுடி. மூஞ்சியில அடிச்ச மாதிரி இல்லன்னு எப்படிச் சொல்றது? ஆச்சுன்னுட்டு வந்துட்டேன்."

இது வேறு யார் காதிலும் விழவில்லை என்று அல்லி நினைத்தாள். மரத்தின் மேல் கவட்டில் செவ்வந்தி என்கிற தேவாங்கு உட்கார்ந்திருந்தாள். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று அவள் அங்கே உட்காரவில்லை. அவளுக்குக் கூச்சம் அதிகம். யாராவது வந்தால் இறங்கி, சிரித்து, ஒரு வார்த்தை பேசி, விலகிப் போவதைவிட அசையாமல் இருந்துவிடுவது சுலபம். இப்படி அசையாமல் இருந்தே காட்டில் நடக்கும் பாதிப் பேச்சை அவள் கேட்டிருந்தாள். கடைசியில் அதுவே அவளுக்கு உத்தியோகமாகவும் ஆகியிருந்தது.

ஆனால் அன்று அல்லி சொன்னதைக் கேட்டதும் செவ்வந்தி கிளையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு மரியாதையாகக் கேட்ட அந்த 'அது'வுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

நடந்தது இதுதான்.

அந்த வருடம் மழை வரவில்லை. ஓடை வற்றி, பிறகு ஓடையின் சேறும் வற்றியது. காட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கரடியார் கிடங்கைத் திறந்து, ஆலமரத்தடியில் கஞ்சித் தொட்டி வைத்தார். மூங்கில் அரிசிக் கஞ்சி, ஆளுக்கு ஓர் அகப்பை. "ஏற்கெனவே சாப்பிட்டவர்களுக்குக் கஞ்சி இல்லை" என்று ஒரு பலகையும் வைத்தார். பலகை வைக்காமல் அவர் எதையும் தொடங்கியதில்லை.

கஞ்சி ஊற்றும் வேலை ஒரு காக்கையிடம் இருந்தது. காக்கை பலகையைப் படித்ததே இல்லை. திட்டிக்கொண்டே ஊற்றுவார். "ஏய், இலையை நேராப் பிடி! கை என்ன வாதமா? அடுத்தது யாரு? வா வா, மசமசன்னு நிக்காத!" அவர் காலத்தில் பசியோடு திரும்பியவர் ஒருவர்கூட இல்லை. மனம் நொந்து திரும்பியவர்கள்தான் நிறைய. அவர்கள் வயிறு நிறைந்திருந்ததால் வீட்டுக்குப் போய்த் தெம்பாக மனு எழுதினார்கள். மனுக்கள் கரடியாரின் குகை வாசலில் அவர் முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்தன.

கரடியார், நகரத்தில் படித்துவிட்டுத் திரும்பியிருந்த தினகர் என்கிற கீரியைக் கூப்பிட்டார்.

"தம்பி, அன்பாப் பேசுற மாதிரி ஒரு ஆள் வேணும்."

"ஆள் எதுக்குங்க ஐயா? மெஷினே பண்ணிடலாம். திட்டாது, லீவு கேட்காது, காலையில வந்ததும் நம்மகிட்டக் குறை சொல்லாது."

"பேசுமா?"

"நம்மள விட நல்லாப் பேசும்."

இயந்திரத்துக்கு 'இன்சொல்' என்று பெயர் வைத்தார்கள். தகரத்திலும் தேக்குப் பலகையிலும் செய்த உடம்பு, மைனாவுக்கு இருப்பது போல் தலை, வலது கையில் அகப்பை. வெயிலில் ஓடும். அந்த வருடம் வெயிலுக்கு மட்டும் குறைவில்லை. உடம்பு இரண்டு வாரத்தில் தயாராகிவிட்டது. பேச்சுதான் இல்லை.

"பேசுற மெஷினுக்கு முதல்ல பேச்சு ஊட்டணும்" என்று தினகர் விளக்கினார். "நம்ம காட்டுல ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா எப்படிப் பேசிக்கிறாங்களோ, அதை அப்படியே எழுதித் தரணும். ஆயிரம் வேணும்."

அப்படித்தான் செவ்வந்தியைக் கூப்பிட்டார்கள்.

"நீ யார்கிட்டயும் பேசவே மாட்டியாமே?" என்று தினகர் கேட்டார்.

செவ்வந்தி தலையை ஆட்டினாள்.

"அப்ப உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருப்ப. நீதான் சரியான ஆளு."

தேவாங்குகள் பகலில் தூங்கும் இனம். ஆனால் அலுவலக நேரம் பத்திலிருந்து ஐந்து வரை. செவ்வந்தி இமைகளை விரலால் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். அவளிடம் ஒரு கட்டுப் படிவம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு படிவத்திலும் இரண்டு கட்டம். ஒன்றில் 'கேள்வி', மற்றதில் 'பதில்'.

மான்கள் உப்புப் பாறையில் சந்தித்தாலும், முள்ளம்பன்றிகள் ஒற்றையடிப் பாதையில் எதிர்ப்பட்டாலும், சண்டை போட்டு ஆறு மாதம் முகம் பார்க்காத இரண்டு அணில்கள் ஒரே கிளையில் மாட்டிக்கொண்டாலும், பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கியது. "சாப்பிட்டாச்சா?" என்று ஒருவர் கேட்பார். "ஆச்சு" என்று மற்றவர் சொல்வார். செவ்வந்தி முதல் கட்டத்தில் 'சாப்பிட்டாச்சா' என்றும், இரண்டாவது கட்டத்தில் 'ஆச்சு' என்றும் எழுதினாள். அதற்குப் பிறகும் அவர்கள் ஏதேதோ பேசினார்கள். அதை எழுதக் கட்டம் இல்லை. ஒரு நாள் இதைக் கேட்டுவிடலாம் என்று தினகரின் புற்று வரைக்கும் போனாள். அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

ஆயிரம் படிவத்தையும் கரடியார் புரட்டிப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"என்ன அருமையான காடு தம்பி நம்ம காடு! எல்லாரும் எல்லாரையும் சாப்பிட்டியான்னு கேட்கிறாங்க. எல்லாரும் சாப்பிட்டும் இருக்காங்க."

திங்கட்கிழமை காலை, காக்கைக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் இன்சொல்லை நிறுத்தினார்கள். வரிசையில் முதலில் நின்றவர் முள்ளம்பன்றி மாமா. காட்டில் எல்லாருக்கும் அவர் மாமாதான். அவருக்குப் பின்னால் அவருடைய சம்பந்தி நின்றார்.

"வணக்கம், வாங்க" என்றது இன்சொல். குரல் தேன் மாதிரி இருந்தது. "சாப்பிட்டாச்சா?"

மாமா இதை எதிர்பார்க்கவில்லை. காக்கை ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. அவர் கையிலிருந்த இலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். சம்பந்தியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஆச்சு, ஆச்சு. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்."

"ரொம்ப சந்தோஷம். போயிட்டு வாங்க."

மாமா போய்விட்டார். சம்பந்தியும் ஒரு வேலையாகத்தான் அந்தப் பக்கம் வந்திருந்தார். அன்று ஆலமரத்தடிக்கு வந்த எல்லாருக்குமே அந்தப் பக்கம் ஏதோ வேலை இருந்தது. ஆறு குட்டிகளோடு வந்த காட்டுப்பன்றி, குட்டிகளுக்கு மரத்தைக் காட்ட வந்ததாகச் சொன்னாள். கஞ்சி தொட்டியிலேயே ஆறி, ஆடை கட்டியது.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. இன்சொல் தினமும் சாயங்காலம் ஓர் அறிக்கை கொடுக்கும். புதன்கிழமை காலை கரடியார் அறிக்கையைப் படித்துவிட்டுத் தினகரைக் கட்டிப்பிடித்தார். காட்டில் எல்லாரும் சாப்பிட்டாயிற்று. மனு ஒன்றுகூட வரவில்லை.

"ரெண்டே நாள்ல பஞ்சத்தைத் தீர்த்துடுச்சே தம்பி!"

மலைக்கு அப்பால் இருக்கும் தலைமையகத்துக்கு உடனே தகவல் போனது. அவர்கள் ஒரு கேடயம் அனுப்புவதாகச் சொன்னார்கள். "வெள்ளிக்கிழமை முதல் கஞ்சித் தொட்டி மூடப்படும். ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி" என்று கரடியார் இரண்டாவது பலகையை வைத்தார்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம்தான் அல்லி புங்க மரத்தடியில் தங்கையிடம் அப்படிச் சொன்னது. அவளுடைய மூன்று குட்டிகள் பக்கத்தில் ஓடைமணலை நக்கிக்கொண்டிருந்தன. மணலில் ஈரம் இருந்த காலத்தில் பழகிய பழக்கம். ஒரு குட்டி நக்குவதை நிறுத்திவிட்டு மணல் மேலேயே கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. அல்லி அதைத் தூக்கி நிறுத்தினாள். அது மறுபடியும் படுத்துக்கொண்டது.

செவ்வந்தி மரத்திலிருந்து இறங்கி, நேராகத் தினகரிடம் போனாள். வாசலில் நின்று ஐந்து முறை மூச்சு விட்டாள்.

"சார்."

"யாரு? அட, நீயா! பேசுவியா நீ?"

"எல்லாரும் பொய் சொல்றாங்க சார். யாரும் சாப்பிடல."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் சார் பிரச்சினை."

தினகர் வாலைச் சுருட்டி உட்கார்ந்தார். "இங்க பாரு. மெஷின் மரியாதையாக் கேட்குது. அவங்க பதில் சொல்றாங்க. அவங்க பொய் சொன்னா மெஷின் என்ன பண்ணும்? ஆயிரம் படிவமும் நீ எழுதினதுதானே? ஒண்ணுலயாவது 'இல்லை'ன்னு இருக்கா?"

செவ்வந்தி யோசித்துப் பார்த்தாள். ஒன்றில்கூட இல்லை.

"பசிச்சவங்க பசிக்குதுன்னு சொல்லட்டும். மூடுறதுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கே. போய்ச் சொல்லிக்கொடு."

அன்று சாயங்காலம் செவ்வந்தி தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக நாலு பேரை ஒன்றாகக் கூட்டினாள். முள்ளம்பன்றி மாமா, அவர் சம்பந்தி, காட்டுப்பன்றி, அல்லி. புங்க மரத்தடியில் ஒத்திகை.

"நான்தான் மெஷின்னு வச்சுக்குங்க" என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் கேட்பேன். நீங்க 'இல்லை'ன்னு சொல்லணும். அவ்வளவுதான். மாமா, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சும்மா" என்றார் மாமா.

"மாமா, 'இல்லை'ன்னு சொல்லணும்."

"தெரியுதும்மா. வாய் வரலியே. நீ இன்னொரு தடவை கேளு."

"சாப்பிட்டாச்சா?"

"இப்பத்தான் ஆச்சு."

"மாமா!"

"சம்பந்திய வச்சுக்கிட்டு எப்படிம்மா சொல்றது? பொண்ணைக் கொடுத்த இடம். நாளைக்கு அவளை அங்க சொல்லிக் காட்ட மாட்டாங்களா, உங்கப்பன் வரிசையில நின்னு பசிக்குதுன்னு அழுதான்னு?"

"நான் எதுக்குச் சொல்லிக் காட்டப் போறேன்?" என்றார் சம்பந்தி. "நான்தான் அன்னைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேனே."

காட்டுப்பன்றி, தனக்கு ஒத்திகையே தேவையில்லை என்றும், சொல்ல வேண்டிய நேரத்தில் பட்டென்று சொல்லிவிடுவேன் என்றும், இன்றைக்கு வேண்டாம் என்றும் சொன்னாள்.

செவ்வந்தி அல்லியைப் பார்த்தாள். "அக்கா, நீங்களாவது. குட்டிங்களுக்காக."

அல்லி வாயைத் திறந்தாள். "இ..." என்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, செவ்வந்தியின் மெலிந்த கையைப் பார்த்தாள்.

"என்னைக் கேட்கிறியே, நீ சாப்பிட்டியாடி?"

"ஆச்சுக்கா" என்றாள் செவ்வந்தி.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தேவாங்குகளுக்குப் பூச்சிதான் சாப்பாடு. அந்தக் கோடையில் பூச்சிகளும் காட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தன. அவள் கடைசியாகச் சாப்பிட்டது திங்கட்கிழமை, ஒரே ஒரு கறையான்.

"ஆச்சாவது! பொய் சொல்லாத" என்றாள் அல்லி. மடியிலிருந்து ஒரு காய்ந்த கோரைக் கிழங்கை எடுத்தாள். "இந்தா."

"ஐயோ, வேணாம்க்கா. குட்டிங்களுக்கு வைங்க."

"ஒரு கடி கடி. எனக்காக."

"சரி, கொஞ்சமா" என்று வாங்கி ஒரு கடி கடித்தாள் செவ்வந்தி.

மென்றுகொண்டிருக்கும்போதே அவள் வாய் நின்றுவிட்டது. படிவத்தில் கட்டம் இல்லாததால் எழுதாமல் விட்ட மிச்சம் இதுதான். இந்தக் காட்டில் முதல் 'ஆச்சு'வை யாருமே நம்புவதில்லை. இரண்டாவது 'வேணாம்' என்பதையும் நம்புவதில்லை. மூன்றாவது தடவைதான் இலை விரியும். இயந்திரத்துக்கு அவள் பாதிப் பேச்சைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை முழுவதும் அவள் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினாள். சாயங்காலம் கட்டைக் கொண்டுபோய்த் தினகரிடம் நீட்டினாள். இது சரியாகாது என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். பிறகு இரண்டு மூன்றைப் படித்துப் பார்த்தார்.

"இதுல பேச்சு நீளமா இருக்கே. ஒவ்வொருத்தர்கிட்டயும் மூணு தடவை பேசுதே."

"ஆமாம் சார்."

"பேச்சு எவ்வளவு நீளுதோ அவ்வளவு நல்லதுன்னுதான் தலைமையகத்துல பார்ப்பாங்க. கேடயம் கொடுக்க வர்ற நேரத்துல..." அவர் மீசையை நீவினார். "சரி, ஊட்டிடலாம்."

வெள்ளிக்கிழமை காலை, தொட்டியை மூட வேண்டிய நாள். மூடுவதற்கும் ஒரு விழா வைத்திருந்ததால், கடைசியாக ஒரு தொட்டி கஞ்சி காய்ச்சியிருந்தார்கள். வரிசையும் எப்போதும் போல் இருந்தது. எல்லாருக்கும் அந்தப் பக்கம் வேலை.

"வணக்கம், வாங்க. சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு" என்றார் முள்ளம்பன்றி மாமா.

"சும்மா சொல்லாதீங்க."

மாமா திடுக்கிட்டுச் சம்பந்தியைப் பார்த்தார். "இல்ல, நெஜமாவே ஆச்சு. வயித்துல இடமே இல்ல."

"ஒரே ஒரு வாய். எனக்காக."

"அட, என்ன இது... சரி, கொஞ்சமா ஊத்து. நீ மனசு கஷ்டப்படக் கூடாது பாரு."

அகப்பை கஞ்சிக்குள் இறங்கி ஏறியது. மாமா ஒதுங்கிப் போய், இயந்திரத்தின் மனம் கோணாமல் இருப்பதற்காக இலையையும் சேர்த்துத் தின்றார். சம்பந்தி அதைவிடக் கொஞ்சம் அதிகமாக மறுத்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வாங்கிக்கொண்டார். காட்டுப்பன்றியின் ஆறு குட்டிகளும் தாங்கள் மரத்தைப் பார்க்க வந்ததாகத்தான் சொன்னன. ஆறு பேருக்கும் கிடைத்தது. அல்லியின் முறை வந்தபோது, "எனக்கு வேணாம், குட்டிங்களுக்கு மட்டும்" என்றாள். இன்சொல் அதையும் நம்பவில்லை. மணலில் கன்னம் வைத்துப் படுத்த குட்டி, இலைக்குள் மூக்கை வைத்துக் குடித்துவிட்டுத் தும்மியது.

பத்து மணிக்குக் கரடியார் மூடுவிழாவுக்கு வந்தார். தொட்டியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார்.

"என்ன இதெல்லாம்? தொட்டியை மூடு" என்று இயந்திரத்திடம் சொன்னார்.

"சும்மா சொல்லாதீங்க" என்றது இன்சொல்.

கரடியாரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

"நெஜமாத்தான் சொல்றேன். மூடு!"

"இன்னும் ஒரே ஒரு நாள். எனக்காக."

கரடியார் இயந்திரத்தின் முகத்தைப் பார்த்தார். அவர் பதவிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அதுவரை எல்லாரும் அவரிடம் தங்களுடைய மனுவுக்காகவும் மரத்துக்காகவும் பொந்துக்காகவும் கேட்டிருக்கிறார்கள். இப்படி உரிமையோடு 'எனக்காக' என்று யாரும் கேட்டதில்லை.

"சரி" என்றார். "ஒரு நாள் மட்டும்."

அப்புறம் இன்சொல் அவரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்டது. அவர் காலையில் இரண்டு தேன்கூடும் ஒரு பலாப்பழமும் சாப்பிட்டிருந்தார். "ஆச்சு" என்று அவர் சொன்னதுதான் அன்று அதுவரை அந்த இடத்தில் சொல்லப்பட்ட ஒரே உண்மை. இன்சொல் அதையும் நம்பவில்லை. கரடியார் ஓர் அகப்பைக் கஞ்சியைச் சிரமப்பட்டுக் குடித்தார்.

அறிக்கையில் முதல் பதில் மட்டும்தான் ஏறும். தினகர் அதை மாற்ற மறந்திருந்தார். ஆகவே அன்றைய அறிக்கையிலும் எல்லாரும் சாப்பிட்டாயிற்று என்றுதான் வந்தது. கேடயத்துக்கு ஒரு குறையும் இல்லை.

வரிசையில் கடைசிக்கு முந்திய ஆளாகச் செவ்வந்தி நின்றாள். கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தவள். அவளுக்குப் பின்னால், இரண்டாவது தடவையாக அந்தப் பக்கம் வேலையாக வந்த முள்ளம்பன்றி மாமா நின்றார். தொட்டியின் அடியில் இரண்டு அகப்பைக் கஞ்சி இருக்கும்.

"வணக்கம், வாங்க. சாப்பிட்டாச்சா?"

இதற்கு என்ன சொல்வது என்று செவ்வந்தி நேற்றிலிருந்தே முடிவு செய்து வைத்திருந்தாள். எல்லாருக்கும் சொல்லச் சொல்லி ஒத்திகை பார்த்தவள், தான் ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். அவள் தலையை நிமிர்த்தினாள்.

"இல்லை."

இன்சொல்லின் அகப்பை பாதி வழியில் நின்றது.

"மன்னிக்கணும். நீங்க சொன்னது புரியல."

"இல்லை. நான் சாப்பிடல. ரொம்பப் பசிக்குது."

"மன்னிக்கணும்" என்றது இன்சொல். "மன்னிக்கணும்." மைனாத் தலை இடது பக்கம் திரும்பி, வலது பக்கம் திரும்பி, நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஏதோ கறகறவென்று சத்தம் கேட்டது.

"என்னம்மா பண்ணின?" என்றார் மாமா. "நல்லா ஓடிக்கிட்டிருந்த மெஷினைக் கெடுத்துட்டியே! வெயில்ல எவ்வளவு நேரம் நிக்கிறது?"

தினகர் ஓடி வந்தார். "என்ன சொன்ன அதுகிட்ட?"

"இல்லைன்னு சொன்னேன் சார்."

"ஏம்மா, எழுதினவ நீ! உனக்கே தெரியாதா? ஆயிரத்துல ஒண்ணுலகூட அது இல்லையே. அது பாவம், எங்க போய்த் தேடும்?" அவர் இயந்திரத்தின் முதுகுப் பலகையைத் திறந்து, ஒரு கம்பியைப் பிடுங்கி, ஐந்து எண்ணிவிட்டு மறுபடி செருகினார். "இப்பவாவது ஒழுங்காப் பேசு. பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

தலை நேராக வந்தது. கண்ணில் பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம், வாங்க" என்றது இன்சொல், அதே தேன் குரலில். "சாப்பிட்டாச்சா?"

செவ்வந்தி தொட்டியின் அடியைப் பார்த்தாள். பின்னால் மாமா செருமினார்.

"ஆச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் இலையை நீட்டினாள்.

*

நீதி: பசித்தவர்கள் உண்மையைச் சொல்லி, வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்குத் தாமதம் உண்டாக்கக் கூடாது.